குடியிருப்பை இடித்துக் கட்டினால் குற்றம் குறையுமா? தீவிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: வாடைக்காற்று (ராமேஸ்வரம் தீவு)

அனைவருக்கும் வணக்கம். நான் ராமேஸ்வரம் தீவில், அரசு கட்டிக்கொடுத்த மூன்றடுக்குக் குடியிருப்பு ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் நாளைக்கு என் தம்பி வேலை கேட்டுப் போகும் இடத்தில் அவனுக்கு முன்னால் அந்தப் பெயர் போய் நிற்கும். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போனவர், அம்மா பாசி எடுக்கப் போனவர், நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆறு பிளாக்குகள், பிளாக்குக்கு 12 வீடுகள், ஆக மொத்தம் 72 வீடுகள்.

கட்டடத்தை உப்புக்காற்று தின்றுவிட்டது. எங்கள் சமையலறைக் கூரையில் துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. சென்ற ஐப்பசி மழையின்போது காரை பெயர்ந்து அடுப்பிலிருந்த உலைப்பானைக்குள்ளேயே விழுந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, எல்லாவற்றையும் இடித்துவிட்டு அதே இடத்தில் ஐந்து மாடியாகக் கட்டப்போவதாகச் சொல்லிச் சென்றபோது நாங்கள் உண்மையாகவே மகிழ்ந்தோம்.

மகிழ்ச்சி இரண்டு வாரம்கூட நிலைக்கவில்லை. நான் சிறுமியாக இருந்தபோது எங்களைச் சுற்றிக் கருவேலங்காடும் பனையும்தான் இருந்தன. இப்போது நான்கு பக்கமும் விடுதிகள். 2022 டிசம்பரில் நின்றுபோன ரயில், 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் மீண்டும் தீவுக்குள் வரத் தொடங்கியதிலிருந்து மனை விலையைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. அக்கம்பக்கத்து விடுதிக்காரர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள். இந்தக் குடியிருப்பு கஞ்சாவுக்கும் திருட்டுக்கும் புகலிடமாகிவிட்டது, புதிய கட்டடத்தில் இதே ஆட்களை வைத்தால் இதே தொல்லை தொடரும், ஆகவே இவர்களைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபத்தைத் தாண்டிக் குடியமர்த்த வேண்டும் என்பது அந்த மனுவின் சாரம்.

நடந்தவற்றை நான் மறைக்கப்போவதில்லை. சென்ற ஆண்டு எங்கள் வளாகத்துக்குள்ளேயே இரண்டு இருசக்கர வாகனங்கள் களவு போயின. யாத்திரை வந்த ஒரு அம்மாவின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிய பையன்களில் ஒருவன் எங்கள் பிளாக்கைச் சேர்ந்தவன். நான்காவது பிளாக்கில் இரண்டாவது மாடியில் நெடுங்காலமாகப் பூட்டிக் கிடந்த வீட்டிலிருந்து மூட்டை மூட்டையாகப் பதப்படுத்திய கடல் அட்டையைப் போலீசார் எடுத்துப் போனார்கள். அந்த மாடிப்படியில் விளக்கு எரிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நாங்கள் போட்ட பல்பை யாரோ ஒவ்வொரு முறையும் கழற்றிவிடுகிறார்கள்.

இடித்துக் கட்டிய இடங்களில் குற்றம் உண்மையில் குறைந்திருக்கிறதா? குறைந்தது என்றால் கட்டடத்தால் குறைந்ததா, குடியிருந்தவர்களை அகற்றியதால் குறைந்ததா? வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைப்பதற்கு முன்னால் நாங்கள் எதை எதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில்: ரதவீதிக் கடைக்காரர்

தங்கச்சி, நீங்கள் சொல்லும் மனுவா, அதைப் போன்ற வேறொன்றா என்று தெரியாது. ஆனால் அப்படி ஒரு மனுவில் நானும் கையெழுத்துப் போட்டவன் என்பதைச் சொல்லிவிட்டே எழுதுகிறேன். என் கடையில் வேலை பார்க்கும் பெண்பிள்ளைகள் இரவு ஒன்பது மணிக்கு மேல் கடை அடைத்துவிட்டு உங்களுடையதைப் போன்ற ஒரு குடியிருப்பின் சுற்றுச்சுவரை ஒட்டித்தான் நடந்து போக வேண்டும். அந்தச் சுவரோரம் உட்கார்ந்து குடிக்கும் கூட்டம் அவர்களைப் பார்த்துப் பேசிய பேச்சை ஒரு பிள்ளை என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள், மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. இந்தப் பயம் மனை விலைக்காக ஜோடித்தது என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாது.

எனக்கு ஒரு கேள்வி உண்டு. அந்தப் பையன்கள் யார் யார் என்று குடியிருப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். ஆய்வாளர் வந்து கேட்டால் மட்டும் ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை? நீங்கள் வாய் திறந்திருந்தால் நாங்கள் மனு எழுதியிருக்க மாட்டோம்.

பதில்: தொண்டிக்காரன் (காவல்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன்)

கடைக்காரத் தம்பியின் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். யார் பெயரைச் சொல்ல வேண்டுமோ அவன் சொல்கிறவரின் தலைக்கு மேல் மாடியில் குடியிருக்கிறான். அவன் அம்மாவும் இவர் மனைவியும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். பெயரைச் சொன்ன தகவல் அன்று மாலைக்குள் காவல் நிலையத்திலிருந்தே வெளியே வந்துவிடும் என்று மக்கள் நம்புகிறார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் பணி செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நம்பிக்கை முற்றிலும் ஆதாரமற்றது அன்று. ஆகவே அந்த மௌனத்தைக் குற்றத்துக்குத் துணைபோவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் சில ஆண்டுகள் சென்னையின் தென்பகுதியில் வேலை பார்த்தேன். 2000-ஆம் ஆண்டை ஒட்டிக் கண்ணகி நகரில் குடியேற்றம் தொடங்கியது. அங்கே 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். அதற்குப் பிறகு செம்மஞ்சேரி, அதற்குப் பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களாக 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். அடையாற்றங்கரை, கூவக்கரை, கடற்கரைக் குப்பங்கள் என்று நகரத்தின் வெவ்வேறு மூலைகளிலிருந்து வந்தவர்களை ஒரே வளாகத்தில் சேர்த்தார்கள். நான் பார்த்த வழக்குகளில் பெரும்பாலானவை குடியிருப்புவாசிகள் வெளியே போய்ச் செய்தவை அல்ல. உள்ளேயே, கடன், குடி, பெண் விவகாரம், யார் பெரியவன் என்ற போட்டி ஆகியவற்றால் வந்தவை. பாதிக்கப்பட்டவர்களும் அவர்களே. இந்த விவரம் எந்த மனுவிலும் இடம்பெறுவதில்லை.

ஒரு சந்தில் இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருக்கும். அந்நியன் ஒருவன் சந்துக்குள் நுழைந்தால், வாசலில் வலை பின்னிக்கொண்டிருக்கும் கிழவி “யார் வீட்டுக்குப்பா?” என்று கேட்பாள். அந்த ஒரு கேள்வியை எந்தக் காவல் ரோந்தாலும் ஈடுகட்ட முடியாது. வீடுகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கியபோது அந்தக் கிழவி ஏழாவது மாடிக்கும் அவள் பேரன்கள் வேறு பிளாக்குக்கும் போனார்கள். கீழே படிக்கட்டில் நிற்பவன் குடியிருப்பவனா வெளியாளா என்பதே ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. நான் அங்கே கண்ட சீரழிவின் தொடக்கம் அதுதான்.

முகவரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழங்குற்றவாளிகளுக்கு நிலையத்தில் ஹிஸ்ட்ரி ஷீட் என்ற கண்காணிப்புப் பதிவேடு திறப்பார்கள். நன்னடத்தைப் பிணை வாங்குவதற்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 110-ஆவது பிரிவு இருந்தது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து புதிய சட்டத்தில் அது 129-ஆவது பிரிவு. அது தனி ஒருவனின் நடத்தைக்கான சட்டம். நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், அருகில் எங்கே களவு போனாலும் முதலில் அந்தக் குடியிருப்பின் பதினெட்டு வயதுப் பையன்களை வரிசையாக அழைத்து வந்து கைரேகை எடுப்பார்கள். நானும் அழைத்து வந்திருக்கிறேன். அதில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பையன் இரண்டு நாள் வேலைக்குப் போகாததால் நிறுத்தப்பட்டு, ஆறு மாதம் கழித்து உண்மையாகவே ஒரு வழக்கில் வந்து நின்றான். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இப்போது உங்கள் நான்காவது பிளாக்கின் பூட்டிய வீடு. கடல் அட்டை 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தடை செய்யப்பட்டது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் அதைப் பிடிப்பவனுக்கு ஒரு இரவுக் கூலிதான் கிடைக்கும், காசு பார்ப்பவன் வேறெங்கோ இருப்பான். மூட்டைகளை எடுத்த அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அந்த வீட்டின் சாவி யாரிடம் இருந்தது என்பது. ஒதுக்கீடு யார் பெயரில் இருக்கிறது, அவர் எங்கே குடியிருக்கிறார், வாடகை யாருக்குப் போகிறது? குடியிருப்பில் நடக்கும் கடத்தலுக்கு இடம் கொடுப்பவர் குடியிருப்பில் வசிக்காதவராக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு எழுதுங்கள் அம்மா. முப்பது நாளில் அவர்கள் பதில் தந்தாக வேண்டும்.

பதில்: பாம்பன் பொண்ணு (இப்போது சென்னை)

நான் பாம்பனில் பிறந்து, சென்னையில் ஆற்றோரம் வாழ்க்கைப்பட்டு, அங்கிருந்து நகரத்துக்குத் தெற்கே ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு லாரியில் சாமான்களோடு ஏற்றி அனுப்பப்பட்டவள். எந்தக் குடியிருப்பு என்று நானும் சொல்லவில்லை.

தங்கையே, உங்களுக்கு எழுதித் தரப்படும் காகிதத்தில் “அதே இடத்தில்” என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். நான் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தேன். புதிய வீட்டிலிருந்து அங்கே போக இரண்டு பேருந்து மாற வேண்டும், போக வர மூன்று மணி நேரம். காலை ஆறரைக்கு வர முடியாத வேலைக்காரியை யார் வைத்துக்கொள்வார்கள்? ஒரே மாதத்தில் நான்கு வீடும் போயிற்று. என் கணவர் கட்டட வேலைக்கென்று பழைய இடத்திலேயே தங்கி வாரம் ஒருமுறை வந்தார், பிறகு மாதம் ஒருமுறை. எட்டாம் வகுப்பில் இருந்த என் மூத்த மகனுக்குப் புதிய பள்ளியில் நடு ஆண்டில் இடம் கிடைக்காததால் ஏழு மாதம் வீட்டில் இருந்தான். வீட்டில் இருந்தான் என்றா சொன்னேன், மாடிப்படியில் இருந்தான். அந்த ஏழு மாதத்தில் அவனுக்குக் கிடைத்த நண்பர்களிடமிருந்து அவனை மீட்க எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. மீட்டுவிட்டேன், இப்போது குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறான். ஆனால் அதே படியில் அவனோடு உட்கார்ந்திருந்த இரண்டு பேர் இன்று உயிரோடு இல்லை.

ஆகவே உங்கள் பிள்ளைகளின் பள்ளி மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடிக்கும் தேதியை ஏப்ரல் கடைசிக்குத் தள்ளிவைக்கக் கேளுங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை இருப்பதால் ஆண்கள் கரையில் இருப்பார்கள், சாமான் மாற்ற ஆள் இருக்கும், பிள்ளைகளுக்கும் பரீட்சை முடிந்திருக்கும். தடைக்காலத்தில் கையில் காசு இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் கட்டி முடியும்வரை வெளியே வாடகைக்கு இருக்கத் தரும் கருணைத் தொகையைக் காலி செய்வதற்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும். சென்னையில் 2021-இல் அந்தத் தொகையைக் குடும்பத்துக்கு 8,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாக உயர்த்தினார்கள். தீவில் விடுதி பெருகிய பிறகு வாடகை என்ன என்று உங்களுக்கே தெரியும். கட்டட வேலை இரண்டு ஆண்டு இழுத்தால் அந்தத் தொகை எத்தனை மாதத்துக்குத் தாங்கும் என்று இப்போதே கணக்குப் போடுங்கள். பயனாளி பங்குத் தொகை எவ்வளவு, தவணை உண்டா என்பதையும் கேளுங்கள். பணம் கட்ட முடியாமல் வீட்டை இழப்பவர்கள் எப்போதும் கணவனில்லாத பெண்கள்தாம்.

இன்னொன்று. குலுக்கலை ஒப்புக்கொள்ளாதீர்கள். இப்போது ஒரே படிக்கட்டைப் பயன்படுத்தும் குடும்பங்களுக்குப் புதிய கட்டடத்திலும் ஒரே படிக்கட்டில் வீடு வேண்டும் என்று பெயர்களோடு எழுதிக் கொடுங்கள்.

பதில்: கீழக்கரையான் (சிகாகோவில் வேலை)

கேட்கப்பட்ட கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் ஓர் இடம் நான் வசிக்கும் நகரத்தில் இருப்பதால் எழுதுகிறேன். காப்ரினி கிரீன் என்ற அரசுக் குடியிருப்பில் ஒரு காலத்தில் ஏறத்தாழ 3,600 வீடுகள் இருந்தன. சில தெருக்கள் தள்ளி நகரத்தின் மிகப் பணக்காரப் பகுதி. துப்பாக்கிச் சண்டை, போதைப்பொருள் என்று நாடு முழுவதும் பெயர் கெட்ட இடம். 1995-இல் இடிக்கத் தொடங்கி, கடைசி உயர் கட்டடத்தை 2011-இல் இடித்து முடித்தார்கள். இன்று அந்த நிலத்தில் விலையுயர்ந்த வீடுகளும் கடைகளும் நிற்கின்றன. குற்றம் அங்கே குறைந்தது, ஐயமில்லை.

ஆனால் அதே ஆண்டுகளில் அமெரிக்கப் பெருநகரங்கள் பலவற்றில் எதையும் இடிக்காமலேயே குற்றம் குறைந்தது. சிகாகோவையும் அட்லாண்டாவையும் ஆராய்ந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, இடித்த இடங்களில் குற்றம் தெளிவாகக் குறைந்ததையும், வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் மிகுதியாகப் போய்ச் சேர்ந்த பகுதிகளில் மற்றப் பகுதிகள் அளவுக்குக் குறையாததையும் கண்டது. ஒன்றிரண்டு குடும்பங்களாகப் பரவிச் சேர்ந்த இடங்களில் அந்த விளைவு தெரியவில்லை. கூட்டமாக ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் கேடு என்று நான் இதிலிருந்து புரிந்துகொள்கிறேன்.

உங்களுக்கு நேரடியாக உதவும் செய்தி வேறு. இடிக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புதிய வீடு கட்டியாக வேண்டும் என்ற விதி அங்கே இருந்தது. 1995-இல் அதை நிறுத்திவைத்து, பிறகு அடியோடு நீக்கினார்கள். அதன்பின் இடிப்பது விரைவாகவும் கட்டுவது மெதுவாகவும் நடந்தது. திரும்பி வரலாம் என்று காகிதம் வாங்கிப் போனவர்களில் பலருக்குத் திரும்பி வர வீடே இருக்கவில்லை. 72 வீட்டுக்கு 72 என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி வாங்குங்கள் சகோதரி.

பதில்: உச்சிப்புளி மேற்பார்வையாளர்

கட்டடம் பற்றி மட்டும் சொல்கிறேன். திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1993-இல் கட்டிய குடியிருப்பு 2021 டிசம்பர் 27 அன்று காலை இடிந்து விழுந்தது. விரிசலைக் கவனித்துக் குடியிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. ஆகவே பழையது இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். புதியதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா என்றால், அதே 2021-இல் புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் குடியேறிச் சில மாதங்களிலேயே கையால் தொட்டால் சுவர்ப்பூச்சு உதிர்ந்ததைச் செய்தியில் எல்லோரும் பார்த்தோம்.

கடலோரத்தில் கம்பி துருப்பிடித்தால் பருத்து, காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். இந்தியத் தர நிர்ணயம் 456-இன்படி கடலோரச் சூழலில் எம் 30 என்ற வலுத்தரக் காங்கிரீட் கலவையும் கம்பியை மூடும் காங்கிரீட் 45 மில்லிமீட்டர் கனமும் வேண்டும்; அலைத்திவலை படும் இடத்தில் எம் 35, 50 மில்லிமீட்டர். கம்பி கட்டும்போது அதன் கீழே வைக்கும் கவர் பிளாக்கை நீங்களே அளவுகோல் வைத்து அளக்கலாம். அதற்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை. கிணற்று நீர் உப்பாக இருந்தால் கலவைக்கு ஆகாது, தண்ணீர் லாரி எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். நடுவில் இருட்டு நடை, இரு பக்கமும் கதவுகள் என்று இருந்தால் மறுத்துவிடுங்கள். ஒரு பக்கம் திறந்த தாழ்வாரமாக இருந்தால் காற்றும் வரும், சமையலறையிலிருந்தே வாசலில் வருபவனைப் பார்க்கவும் முடியும். மாடிப்படி விளக்கின் சுவிட்சும் மீட்டரும் எந்த ஒரு வீட்டின் பொறுப்பிலும் இல்லாமல் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். ஐந்து மாடி என்றால் லிஃப்ட் வரும். அது பழுதானால் யார் பணம் கட்டுவது என்பதைக் குடியேறும் முன்பே பேசி முடியுங்கள். “நம் குடியிருப்பு நம் பொறுப்பு” என்ற திட்டத்தில் குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு இணையான தொகையை அரசும் தருகிறது. சங்கத்தை இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.

மறுமொழி: வாடைக்காற்று

எல்லோருக்கும் நன்றி. தொண்டி ஐயா சொன்னபடி நான்காவது பிளாக் வீட்டின் ஒதுக்கீடு யார் பெயரில் என்று கேட்டு மனு எழுதி, வில்லை ஒட்டிப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். நேற்று இரவு அம்மாவும் நானும் மூன்று பிளாக்குகளில் வீடு வீடாகப் போய்ப் படிக்கட்டு வாரியாகப் பெயர் எழுதினோம். 36 வீடுகளில் 49 குடும்பங்கள் இருக்கின்றன. கல்யாணமான மகன்கள் தடுப்புப் போட்டு வாழ்கிறார்கள் என்பது தெரிந்ததுதான், எண்ணிப் பார்த்தபோதுதான் அளவு புரிந்தது.

ரதவீதி அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கடைப் பிள்ளைக்கு நடந்ததைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, நானும் இதே நேரத்தில் கடை முடிந்து இப்படி ஒரு சுவரை ஒட்டித்தான் வருகிறேன். சுவரோரத் தெருவிளக்குக்காக அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் நாங்கள் மனு கொடுக்கிறோம். நீங்களும் கையெழுத்துப் போட்டால் அதற்கு மதிப்புக் கூடும்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. ஒன்பது குடும்பங்கள் உள்வாடகைக்கு இருக்கின்றன. அவர்கள் பெயரைச் சேர்த்தால் ஒதுக்கீடுதாரர்கள் சண்டைக்கு வருகிறார்கள், சேர்க்காவிட்டால் அவர்கள் தெருவுக்குப் போவார்கள்.

பதில்: ரதவீதிக் கடைக்காரர்

விளக்கு மனுவுக்குக் கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பழைய மனுவில் மண்டபத்துக்கு அப்பால் அனுப்பச் சொன்ன வரியை நீக்குவது பற்றி மற்றவர்களிடம் பேச வேண்டும். என் ஒருவன் கையில் இல்லை.

பதில்: தொண்டிக்காரன்

உள்வாடகைக் குடும்பங்களைத் தனிப் பட்டியலாக எழுதி அதே மனுவோடு இணையுங்கள் அம்மா. ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, மின்கட்டண ரசீது, எத்தனை ஆண்டாகக் குடியிருக்கிறார்கள் என்ற விவரம், எல்லாவற்றுக்கும் நகல் வையுங்கள். 1985-இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிழைப்பும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்னது மும்பை நடைபாதையில் குடியிருந்தவர்களின் வழக்கில். அவர்களிடம் எந்த ஒதுக்கீட்டு ஆணையும் இருக்கவில்லை. ஒதுக்கீடுதாரர்களில் யார் அதிகம் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தகவல் மனுவுக்குப் பதில் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும்.